கையில் பென்னி ஸ்டாக், மனதில் சந்தேகம்: நிர்வாகத்தைக் காகிதத்தில் சோதிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை 7 ரூபாய் விலையில் 4,000 வாங்கினேன். பெயர் வேண்டாம். அதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வீடியோ வழியாகக் கலந்துகொண்டேன். மொத்தக் கூட்டமும் கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. எனக்கு முன் பேசிய நான்கு பேரும் "விலை எப்போது சார் ஏறும்?" என்றுதான் கேட்டார்கள். தலைவர் சலிக்காமல் பதில் சொன்னார்: புது ஆர்டர்கள் வருகின்றன, பொறுமையாக இருங்கள், நல்லது நடக்கும். என் முறை வந்தது. "ஆண்டறிக்கையின் 83-ஆம் பக்கத்தில் 4 கோடி ரூபாய் கடன் கொடுத்ததாக இருக்கிறதே, வாங்கிய நிறுவனம் யாருடையது, வட்டி வருகிறதா?" என்றேன். இரண்டு நொடி மௌனம். "மின்னஞ்சலில் பதில் அனுப்புகிறோம்" என்றார். அந்த மின்னஞ்சல் வரவே இல்லை.

விலையைப் பற்றிக் கேட்டால் எந்த நிர்வாகமும் சமாளித்துவிடும். பக்க எண் சொல்லிக் கேட்டால்தான் திணறும். புதிதாகச் சந்தைக்கு வந்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பென்னி ஸ்டாக்கை (சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு நிறுவனப் பங்கை) வாங்கிவிட்டு, இப்போது "இந்த ஆட்களை நம்பலாமா?" என்று தூக்கம் வராமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. பங்குச் சந்தைகள் இரண்டில் ஒன்றிலாவது பட்டியலான இந்திய நிறுவனங்களுக்கு இந்த வழிமுறை பொருந்தும். ஒரு நாள் மாலை உட்கார்ந்தால் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

1. சந்தேகத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

"நிர்வாகம் சரியில்லை" என்பது கோபம். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "புரமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதலாளி) பங்குகளை விற்றுக்கொண்டே இருக்கிறார்", "லாபம் காட்டுகிறார்கள், பணம் வரவில்லை", "அறிவித்த தொழிற்சாலையைக் காணோம்" என்று எழுதினால் சரிபார்க்கலாம்.

விலை விழுந்ததை மட்டும் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றாலை நிறுவனமான சுஸ்லான் எனர்ஜியின் பங்கு 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. காரணம் கழுத்தை நெரித்த கடன். அந்த ஆண்டே வங்கிகள் கடனை மறுசீரமைத்தன, 2024-இல் பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. எல்லாப் பென்னி ஸ்டாக்கும் சுஸ்லான் ஆகிவிடாது. ஆனாலும் கடனில் தவிக்கும் நிறுவனத்தையும் பணத்தைச் சுருட்டும் நிறுவனத்தையும் விலையைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதற்கு அது நல்ல சாட்சி.

2. யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள்

பி.எஸ்.இ. இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பங்குதாரர் விவரப் பட்டியலைத் திறங்கள். காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் இதை ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்தாக வேண்டும். ஒரு காலாண்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எட்டுக் காலாண்டுகளைப் பார்த்து மூன்று எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: புரமோட்டர் பங்கு எத்தனை சதவீதம், அதில் அடமானத்தில் இருப்பது எவ்வளவு, சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை என்ன. கடைசி எண், 2 லட்ச ரூபாய் முகமதிப்பு (சந்தை விலை அல்ல, பங்கில் குறித்த மதிப்பு) வரை பங்கு வைத்திருக்கும் தனிநபர்கள் என்ற வரியில் இருக்கும்.

புரமோட்டர் சதவீதம் இறங்க இறங்க சிறு பங்குதாரர் எண்ணிக்கை ஏறினால், விற்பது அவர்கள், வாங்குவது நம்மைப் போன்றவர்கள் என்று அர்த்தம். சாத்னா பிராட்காஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தை ஒரு பெரிய குழுமம் வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்களோடு 2022 ஜூலையில் யூடியூபில் வீடியோக்கள் வந்தன. அந்தக் காலகட்டத்தில் அதன் சிறு பங்குதாரர் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனதாக 2023 மார்ச் 2 அன்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட இடைக்கால உத்தரவு சொல்கிறது. அந்த ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவராவது காலாண்டுப் பட்டியலைத் திறந்து பார்த்திருப்பாரா என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. ஆளுக்குப் பத்து நிமிட வேலை அது.

அடமானத்தையும் கவனியுங்கள். புரமோட்டர் தன் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்து விலை விழுந்தால், கடன் கொடுத்தவர் அந்தப் பங்குகளைச் சந்தையில் கொட்டுவார். அப்புறம் லோயர் சர்க்யூட்தான், அதாவது அன்றைக்கு அனுமதித்த அளவு முழுதும் விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் நின்றுவிடும்.

3. ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முன்பக்கம் இருக்கும் தலைவர் உரை, வண்ணப் படங்கள், இந்தியப் பொருளாதார வளர்ச்சி பற்றிய பக்கங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள்.

முதலில் அவருடைய கருத்து. நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறாரா, "இது தவிர" என்று விலக்கு வைத்து எழுதியிருக்கிறாரா, கருத்தே சொல்ல முடியாது என்று கைவிரித்திருக்கிறாரா? நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் சந்தேகம் தெரிவித்திருந்தால் அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஆடிட்டர் பாதியில் ராஜினாமா செய்திருந்தால், அவர் சொன்ன காரணம் சந்தை அறிவிப்புகளில் இருக்கும். "சொந்தக் காரணம்", "வேலைப்பளு" என்று எழுதிவிட்டுக் கணக்கு முடியும் நேரத்தில் ஒருவர் விலகினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்து அதன் இணைப்பு. காரோ 2020 என்ற உத்தரவின்படி ஆடிட்டர் வரிசையாகப் பல கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். புதியவர்கள் யாரும் திறக்காத பக்கம் இது. பி.எஃப்., டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. போன்றவற்றை ஆறு மாதத்துக்கு மேல் கட்டாமல் வைத்திருக்கிறார்களா, வங்கிக் கடனைத் திருப்பத் தவறினார்களா, யாருக்காவது கடன் கொடுத்திருந்தால் அது திரும்பி வருகிறதா, எல்லாம் இங்கே இருக்கும்.

நான் மேலே சொன்ன நிறுவனத்தில் என் கண்ணில் பட்டது இந்த இணைப்புதான். தொழிலாளர்களின் பி.எஃப். பல மாதமாகக் கட்டப்படவில்லை என்று ஒரு வரி. நான்கு பக்கம் தள்ளி, வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த 4 கோடி ரூபாய் கடன். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் கடன் வாங்கிய நிறுவனத்தின் பெயரைத் தேடினேன். இயக்குநர் பெயர்களை இலவசமாகவே காட்டும். அதில் ஒரு பெயரின் குடும்பப் பெயரும், நம் நிர்வாக இயக்குநரின் குடும்பப் பெயரும் ஒன்று. 100 ரூபாய் கட்டினால் அந்த நிறுவனம் தாக்கல் செய்த ஆவணங்களையும் பார்க்கலாம் என்பதால் கட்டிப் பார்த்தேன். பதிவு அலுவலக முகவரி, நம் நிறுவனத்தின் பழைய அலுவலகம். தொழிலாளியின் பி.எஃப். கட்டக் காசில்லை, இதற்கு மட்டும் 4 கோடி இருக்கிறது. என் சந்தேகம் அன்றுதான் கேள்வியாக மாறியது.

தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள் என்று கணக்குக் குறிப்புகளில் தனியாக ஒரு பட்டியல் இருக்கும். இயக்குநரின் மனைவிக்கு வாடகை, மகனுக்குச் சம்பளம், சகோதர நிறுவனத்திடம் கொள்முதல் எல்லாம் அதில் வரும். இருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன், குடும்ப நிறுவனங்களில் இது சகஜம். நிறுவனம் நஷ்டத்தில் ஓடும்போது இந்தத் தொகைகள் கூடிக்கொண்டே போகின்றனவா என்று பாருங்கள்.

கூடவே மூன்று சிறு கணக்குகள் போடுங்கள்.

லாபமும் பணமும்: லாப நஷ்டக் கணக்கில் வருடா வருடம் லாபம், பணப்புழக்க அறிக்கையில் வியாபாரத்திலிருந்து வந்த பணம் தொடர்ந்து மைனஸ் என்றால், விற்றதாகச் சொல்லும் சரக்குக்குக் காசு வரவில்லை.

வர வேண்டிய பாக்கி: விற்பனை 20 கோடி, வாடிக்கையாளர் பாக்கி 18 கோடி என்றால் கிட்டத்தட்ட ஒரு வருடமாக யாரும் பணம் கொடுக்கவில்லை. உண்மையான வாடிக்கையாளர்களா என்று கேட்க வேண்டிய இடம்.

வங்கி இருப்பும் வட்டியும்: வைப்புத்தொகை 30 கோடி என்று போட்டுவிட்டு வட்டி வருமானம் 20 லட்சம் என்று காட்டினால் கணக்கு உதைக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டதே இதைத்தான்: ஏட்டில் இருந்த 5,000 கோடி ரூபாய்க்கும் மேலான ரொக்கமும் வங்கி இருப்பும் உண்மையில் இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பரில், சத்யத்தின் பணத்தில் ராஜு குடும்பத்துக்குத் தொடர்புள்ள மேடாஸ் நிறுவனங்களை வாங்க நிர்வாகம் முயன்றது. பங்குதாரர்கள் கொதித்தெழுந்ததில் சில மணி நேரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பங்குதாரர் கோபத்துக்கு அந்த அளவு பலம் உண்டு.

4. அறிவிப்பையும் நிலத்தையும் ஒப்பிடுங்கள்

பென்னி ஸ்டாக் நிறுவனங்கள் அறிவிப்பு விடுவதில் வல்லவை. புரிந்துணர்வு ஒப்பந்தம், வெளிநாட்டு ஆர்டர், மின்வாகனம், செயற்கை நுண்ணறிவு என்று வாரம் ஒன்று வரும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், யாருடன் என்று பாருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் அறிவிப்பு.

ஜென்சால் எஞ்சினியரிங் பென்னி ஸ்டாக்காகத் தொடங்கவில்லை, ஒரு காலத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்ற பங்கு. ஆனாலும் 2025 ஏப்ரல் 15 அன்று செபி வெளியிட்ட இடைக்கால உத்தரவைப் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். 30,000 மின்வாகனங்களுக்கு முன்பதிவு வந்திருப்பதாக நிறுவனம் ஜனவரியில் அறிவித்திருந்தது. விசாரித்தால், ஒன்பது தரப்பினருடன் 29,000 வாகனங்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள்தான் இருந்தன. அவற்றில் விலையும் இல்லை, கொடுக்க வேண்டிய தேதியும் இல்லை. ஏப்ரல் 9 அன்று என்.எஸ்.இ. அதிகாரி புனே ஆலைக்கே போனார். இரண்டு மூன்று தொழிலாளர்கள் இருந்தார்கள், உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. மின் கட்டணத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு வருடத்தில் அதிகபட்ச மாதக் கட்டணம் சுமார் 1.57 லட்சம் ரூபாய். வாகனம் தயாரிக்கும் ஆலைக்கு அது எந்த மூலைக்கு? பொதுப் பங்குதாரர்கள் 2020-இல் 155 பேர், 2025-இல் ஏறக்குறைய 1.10 லட்சம் பேர். புரமோட்டர் பங்கு 70 சதவீதத்திலிருந்து 35 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டாவது படியில் நோட்டில் எழுதச் சொன்ன எண்கள் இவைதான்.

ஆலைக்குள் போய் மின் கட்டண ரசீது கேட்க நம்மால் முடியாது. ஆனால் ஆண்டறிக்கையில் மின்சாரம், எரிபொருள் செலவு என்ற வரி இருக்கும். ஊழியர் சம்பளச் செலவு இருக்கும். விற்பனை இரண்டு மடங்கானதாகச் சொல்லும் வருடத்தில் இந்த இரண்டும் அசையாமல் இருந்தால் கேள்வி எழுப்புங்கள். ஆலை உங்கள் ஊர்ப் பக்கம் என்றால் ஒரு வேலை நாளில் வாசல் வரை போய் லாரி வருகிறதா என்று பார்ப்பதில் தவறே இல்லை.

5. புதுப் பங்கு யாருக்குப் போகிறது

சிறு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் புதுப் பங்குகளையோ வாரன்ட்களையோ ஒதுக்கும். வாரன்ட் என்றால் 25 சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை 18 மாதத்துக்குள் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். ஒதுக்கீடு பெறுபவர்களின் பெயர்களும், பணம் எதற்கு என்பதும் கூட்ட அறிவிப்பில் இருக்கும். "நடைமுறை மூலதனம் மற்றும் பொதுவான நிறுவனத் தேவைகள்" என்று மட்டும் எழுதியிருந்து, அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பணம் யாருக்கோ கடனாகப் போயிருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பெயர் மாற்றத்தையும் பாருங்கள். நூல் ஆலை திடீரென்று டெக்னாலஜீஸ் ஆகும். புதிய பெயர் காட்டும் தொழிலிலிருந்து முந்தைய ஓராண்டு வருமானத்தில் பாதியாவது வந்திருக்க வேண்டும், அல்லது நிறுவனச் சொத்தில் பாதியளவாவது அந்தத் தொழிலில் முதலீடு செய்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

6. கேள்வியை அனுப்புங்கள், வாக்கைப் போடுங்கள்

கம்பெனி செக்ரட்டரியின் மின்னஞ்சல் முகவரி ஆண்டறிக்கையிலேயே இருக்கும். கடிதத்தில் உங்கள் பெயர், டீமேட் கணக்கின் டி.பி. ஐடி, கிளையன்ட் ஐடி, வைத்திருக்கும் பங்கு எண்ணிக்கை எழுதுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பக்க எண், தொகை இருக்கட்டும். "திருடர்கள்", "மோசடி" போன்ற சொற்களைத் தொடவே தொடாதீர்கள். அவதூறு வழக்குப் போட அவர்களிடம் வக்கீல் இருப்பார். மரியாதையான ஒரு கடிதம் பின்னால் புகாருக்கு ஆதாரமாகவும் பயன்படும்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு 21 நாட்களுக்கு முன் வரும். பேச விரும்பினால் அதில் சொன்ன தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும், பலர் அதைத் தவறவிட்டுவிட்டுப் புலம்புவார்கள். மின்னணு வாக்கெடுப்பு குறைந்தது மூன்று நாள் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடும். டீமேட் பங்குகளைக் காக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். தளத்தில் ஐந்து நிமிட வேலை.

என் 4,000 ஓட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர் வாக்கைப் போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். வாக்களிப்பவர்களில் 25 சதவீதத்துக்கு மேல் எதிர்த்தால் விழுந்துவிடும். புரமோட்டரிடம் 20 சதவீதம்தான் இருக்கிறது, மீதி ஊரெங்கும் சிதறிய சிறு பங்குதாரர்களிடம் இருக்கிறது என்றால், அவர் ஜெயிப்பது நாம் ஓட்டுப் போடாததால் மட்டுமே. பெரிய அளவிலான தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகளில் சம்பந்தப்பட்டவர்கள் ஆதரித்து வாக்களிக்கவே முடியாது. அங்கே பொதுப் பங்குதாரர் கைதான் ஓங்கும். முடிவை இரண்டு வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதையும் பாருங்கள், நீங்கள் தனி ஆள் இல்லை என்று தெரியவரும்.

7. பதில் வராவிட்டால்

செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுங்கள். பிரச்சினை நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும், திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 22 7575 என்ற செபியின் இலவச எண்ணில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். டிவிடெண்ட் வராதது, ஆண்டறிக்கை அனுப்பாதது, தகவலை மறைத்தது போன்றவற்றுக்கு இது உதவும். விழுந்த விலையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

பத்து சதவீத வாக்குரிமை சேர்ந்தால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். இயக்குநர் குழு 21 நாட்களுக்குள் நடவடிக்கை தொடங்காவிட்டால், கேட்டவர்களே மூன்று மாதத்துக்குள் கூட்டிக்கொள்ளலாம். நிர்வாகச் சீர்கேடு என்று கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 100 பங்குதாரர்களோ பத்து சதவீதப் பங்கோ போதும். சென்னையிலும் அமர்வு இருக்கிறது. ஆனால் வக்கீல் செலவும் வருடங்களும் ஆகும். 28,000 ரூபாய் போட்டவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி ஆளுக்கு 500 ரூபாய் வசூலிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வக்கீல் பெயர், வழக்கு எண், வரவு செலவுக் கணக்கு மூன்றும் காட்டாதவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

8. வெளியேறுவது

இரண்டு தீவிரமான கேள்விகளுக்குக் காகிதத்திலும் விடை இல்லை, கேட்டும் பதில் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்கவே வாங்காதீர்கள்.

விற்பதும் சுலபமில்லை. பங்கு ஜி.எஸ்.எம். என்ற கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், கடுமையான கட்டங்களில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்த்தகம் நடக்கும். லோயர் சர்க்யூட்டில் பூட்டியிருக்கும்போது ஒரே விலையில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், முதலில் வந்த ஆர்டருக்கே முன்னுரிமை. சந்தை திறக்கும் முன்பே, அன்றைய குறைந்தபட்ச விலையில் ஆர்டர் போட்டு வையுங்கள். நிறைவேறாவிட்டால் மறுநாளும் போடுங்கள். நான் விற்று முடிக்க ஒன்பது நாள் ஆனது, கிடைத்தது சராசரியாக 2 ரூபாய் 15 காசு.

திவால் நடவடிக்கைக்குப் போன நிறுவனத்தில் வங்கிகளுக்கே முழுப் பணம் வராது, பங்குதாரருக்குப் பெரும்பாலும் பூஜ்யம். வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.-இல் பங்கு வைத்திருந்தவர்களுக்கு நடந்தது அதுதான். "திவாலில் இருந்து மீளும்" என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்கள், மீள்வது நிறுவனம் மட்டும்தான், பழைய பங்கு அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்றபின் நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய் மற்றப் பங்கு லாபத்தில் கழிக்கலாம். ஓராண்டுக்குமேல் வைத்திருந்து விற்ற நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும்.

விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் டீமேட் கணக்கை மூடாதீர்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று புரோக்கரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தைச் சந்தையே கட்டாயமாகப் பட்டியலிலிருந்து நீக்கினால், மதிப்பீட்டாளர் நிர்ணயித்த விலையில் பொதுப் பங்குதாரர்களிடமிருந்து புரமோட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு கடிதம் வந்தால் அது உங்கள் பழைய வாடகை வீட்டுக்குப் போய்விடக் கூடாது.